வாசலருகே ஓர் இடம்

"யோவ், அந்தக் கூம்பை எடுய்யா. கார் விட இடமில்லாம ஜனங்க சுத்திக்கிட்டிருக்காங்க. நீ வாசல்லயே ஒரு இடத்தைச் சும்மா போட்டு வச்சிருக்கே!"

பிக்கர் சிங் கத்தினார். நச்சத்தர் சிங் அசையவில்லை. ஆரஞ்சுக் கூம்பின் மேல் கையை வைத்துக்கொண்டு தூறலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் குருத்வாராவுக்கு வரும் கார்களை ஒழுங்குபடுத்துவது இவர்கள் இருவரின் சேவை.

"முடியாது. கர்னைல் சிங் வீட்டம்மா சொல்லியிருக்காங்க."

"யாருக்காம்?"

"அதைச் சொல்லல."

"மந்திரி கிந்திரி வர்றாரோ என்னவோ. போட்டோ எடுப்பாங்க, தலைப்பாகையை நேரா வச்சுக்க!"

காலையில்தான் கர்னைல் சிங்கின் தகனம் முடிந்தது. கடைசிப் பிரார்த்தனைக்காகக் குடும்பம் நேராகக் குருத்வாராவுக்கு வந்திருந்தது. மகன்கள் இருவரும் முன்னால் நடக்க, பின்தங்கிய அவர் மனைவி நசீப் கௌர், நச்சத்தரின் சட்டைக் கையைப் பிடித்தார்.

"தம்பி, வாசல்கிட்ட ஒரு இடம் வச்சிரு. ஒருத்தங்க வரணும். பிரார்த்தனை முடியிறவரைக்கும் வேற யாருக்கும் விட்டுடாதே."

"யாரு வரணும்க்கா?"

அதற்குள் பெரிய மகன் திரும்பிப் பார்த்தான். "அம்மா, அங்க என்ன பேச்சு? உள்ள வா."

நசீப் கௌர் கையை எடுத்துக்கொண்டார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

நச்சத்தருக்கு அந்தக் குடும்பத்தோடு அதற்குமுன் பழக்கமில்லை. ப்ளூபெர்ரித் தோட்டங்களுக்கு நடுவே அபட்ஸ்ஃபோர்ட் என்ற இந்த வெளிநாட்டு ஊர் சின்னதாக இருந்த காலத்தில், காரைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். இப்போது வாரத்துக்கு வாரம் புது முகங்கள். ஆனாலும் கணவனைப் பறிகொடுத்தவள் கேட்டது இந்த ஒன்றைத்தான். அதையாவது சரியாகச் செய்துவிட வேண்டும்.

ஒரு டாக்டர் கெஞ்சிப் பார்த்தார். கமிட்டித் தலைவரின் மருமகன் ஹாரன் அடித்துப் பார்த்தான். நச்சத்தர் மசியவில்லை.

பிறகு, முன்பக்கம் நசுங்கிய பழைய கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவள் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரன். தலையில் காவிக் கைக்குட்டையைக் கோணலாகக் கட்டியிருந்தான்.

"அங்கிள், இங்க நிறுத்திக்கட்டுமா?"

"இது துக்க வீட்டுக்காரங்க கேட்டு வச்ச இடம்மா. ரோட்டைத் தாண்டி ஸ்கூல் கிரவுண்டு இருக்கு. அங்க விட்டுட்டு நடந்து வாங்க."

"அதுக்குள்ள பிரார்த்தனை முடிஞ்சிடுமே..."

"முடிஞ்சா என்ன? லங்கர் சாயங்காலம் வரைக்கும் உண்டு. சாப்பாடு எங்கேயும் ஓடிப்போயிடாது."

பிக்கர் சிரித்துவிட்டார். எதுவும் புரியாமல் வெள்ளைக்காரனும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"அவங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் வந்துட்டாங்களா அங்கிள்?"

"எல்லாரும் உள்ளதான் இருக்காங்க. அந்தம்மா, ரெண்டு பையனுங்க. குடும்பமே அவ்வளவுதானே."

"அவ்வளவுதானா?"

"பின்னே?"

"அப்போ இந்த இடம்?"

"அவங்களுக்கு ரொம்ப வேண்டியவங்க யாரோ வர்றாங்க."

"யாருன்னு சொன்னாங்களா?"

"பேரெல்லாம் எதுக்கும்மா? வேண்டியவங்களைப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்."

உள்ளிருந்து கீர்த்தனை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் வாசலையே பார்த்தாள். பின்னால் இன்னொரு கார் ஹாரன் அடித்தது.

"சரி அங்கிள்."

காரைப் பின்னுக்கு எடுத்தாள். அது பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பவில்லை. நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பி மறைந்துவிட்டது.

"பார்த்தியா?" என்றார் நச்சத்தர். "நடக்கணும்னு சொன்னதும் காத்தாப் பறந்துட்டாங்க. இவங்களா பிரார்த்தனைக்கு வந்தவங்க!"

பிரார்த்தனை முடிந்தது. கூட்டம் லங்கர் கூடத்துக்கு நகர்ந்தது. நசீப் கௌர் மட்டும் செருப்புகூடப் போடாமல் மழைக்குள் இறங்கி வந்தார். காலி இடத்தையும் கூம்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரும் வரலையா தம்பி?"

"இல்லக்கா. ஆனா யாருக்கும் இடத்தை விடல! டாக்டர் கேட்டாரு, தலைவர் மருமகன் கேட்டான், ம்ஹூம். வெள்ளைக்காரனைக் கூட்டிக்கிட்டு ஒரு பொண்ணு வந்துச்சு. அதையும் திருப்பி அனுப்பிட்டேன்."

நசீப் கௌர் மறுபடி அவர் சட்டைக் கையைப் பிடித்தார்.

"அந்தப் பொண்ணுக்கு... தாடையில குழி இருந்துச்சா?"

நச்சத்தருக்கு அந்த முகம் ஞாபகம் வந்தது. ஆமாம் என்று தலையை அசைத்தார்.

"அவ எங்க மக, தம்பி. அந்த வெள்ளைக்காரனைக் கட்டிக்கிட்டாள்னு அண்ணனுங்க அவ பேரையே வீட்டுல எடுக்கவிடறதில்ல."

"அக்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை..."

நசீப் கௌரின் பார்வை சாலையிலேயே இருந்தது.

"'நான் போனதும் அவ வருவா, வாசல்லயே கூப்பிட்டு உக்கார வை'ன்னு அவங்கப்பாதான் சொன்னாரு. கடைசியா அவர் வாயைத் திறந்து பேசினதே அதுதான்."