ஆணி அடிக்க விடும் வீட்டுக்காரர்

“ஃபெரெட்டி, ஓடு! அந்த வீட்டு வாசல்ல இன்னும் ஒரு ஆளும் இல்லை!”

லோசா சொல்லி முடிப்பதற்குள் அவள் கணவன் ஃபெரெட்டி தெருவைத் தாண்டியிருந்தான். இந்தப் பக்கம் இருபத்தோராம் எண் வீட்டைப் பார்க்க நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். எதிர்ப்பக்கம், கையில் அட்டையும் பென்சிலுமாக ஒரு பெரியவர் பழைய மரவீடு ஒன்றின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். நியூசிலாந்தின் தெற்கு ஆக்லாந்தில் சனிக்கிழமை காலையில் ஒருவர் காலி வீட்டைத் திறந்தால், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. போய் வரிசையில் நிற்பார்கள்.

மூன்று மாதத்தில் இருபத்தாறு வாடகை வீடு பார்த்தாகிவிட்டது. லோசா முதல் ஆளாக நிற்பது இன்றைக்குத்தான். அக்காவின் கார் ஷெட்டில் நான்கு பிள்ளைகளோடு படுத்துக் கிடக்கிறார்கள். திங்கட்கிழமை அக்காவின் மாமியார் வீட்டார் சமோவாவிலிருந்து வந்து இறங்குகிறார்கள். ஷெட் அவர்களுக்கு. அதற்குள் ஒரு கூரை கிடைத்தாக வேண்டும்.

திரும்பிப் பார்த்தால் பின்னால் பதினைந்து பேர். நேர் பின்னால் செமிசி. டோங்கா தீவுக்காரர். எந்த வரிசையிலும் தவறாமல் நிற்பவர்.

“இங்கேயும் வந்துட்டியா சகோதரி?”

“நான் வந்ததாலதானே நீ வந்தே சகோதரா? போ, இருபத்தொண்ணுல உனக்கு நாப்பத்தோராவது இடம் காத்திருக்கு.”

பெரியவர் பெயர் மர்ரே. வரிசையைப் பார்த்து அவர் புருவம் தொப்பிக்குள் போய்விட்டது.

“இத்தனை பேரா! நாலு பேர் வந்தாலே அதிசயம்னு நினைச்சேன். சரி, வாங்க. பார்த்து வாங்க, கூரை சொத்தை. சுவரெல்லாம் பூஞ்சை. குளியலறைப் பக்கம் போகவே போகாதீங்க.”

லோசா ஃபெரெட்டியைப் பார்த்தாள். இத்தனை நாளும் பார்த்த தரகர்கள் பூஞ்சையை நிழல் என்பார்கள், ஓட்டையைக் காற்றோட்டம் என்பார்கள். இப்படி உள்ளதை உள்ளபடி சொல்லும் மனிதர் எந்தக் கிரகத்திலிருந்து வந்தார்?

“ஆனா தரையைப் பாருங்க!” மர்ரே குதிகாலால் ஓங்கி மிதித்தார். “ரிமு மரம். நூறு வருஷம் ஆச்சு. கதவெல்லாம் அதே மரம். இந்தக் காலத்துல இப்படிக் கிடைக்குமா?”

“கிடைக்காதுங்க ஐயா” என்று லோசா உருகினாள். கையிலிருந்த ஃபைலை நீட்டினாள். போதகரின் கடிதம், சம்பளச் சீட்டு, பிள்ளைகள் தலைவாரி நிற்கும் படம்.

மர்ரே அதை மேலும் கீழும் புரட்டிப் பார்த்தார். “இதெல்லாம் எனக்கு எதுக்கும்மா?”

“எங்களைப் பத்தித் தெரிய வேண்டாமா? எங்களுக்கு... ரெண்டு பிள்ளைங்க.”

“நாலு” என்றான் ஃபெரெட்டி. அவனுக்குப் பொய் வராது. லோசா அவன் காலை மிதித்தாள்.

“நாலா? ரொம்ப நல்லது! எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. கை அதிகமா இருந்தா வேலை சீக்கிரம் முடியும்.”

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. பிள்ளைகளைக் கூட்டி வரச் சொல்லும் வீட்டுக்காரரா? ஃபெரெட்டிக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

“ஐயா, சுவர்ல ஆணி அடிக்கலாமா?”

“அடிங்க, பிடுங்குங்க, உங்க இஷ்டம். நான் ஏன் கேக்கப்போறேன்?”

செமிசி நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

“எவ்வளவு ஐயா?” என்று கேட்டாள் லோசா.

“அறுநூறு டாலர்.”

இந்த ஊரில் வாடகை வாரக் கணக்குதான்; ‘வாரத்துக்கு’ என்று தனியாகச் சொல்லும் வழக்கமில்லை. மூன்று அறை வீடு வெறும் அறுநூறா! லோசா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து செமிசி கூவினார்.

“அறுநூத்து முப்பது!”

“சகோதரா, நாளைக்குக் கோயிலுக்குப் போவியா மாட்டியா? அறுநூத்தம்பது ஐயா!”

“அறுநூத்து எண்பது!”

“எழுநூறு! இப்பவே, ரொக்கமா!” லோசா மடியிலிருந்த உறையை எடுத்து அவர் கையில் திணித்தாள். ஷெட்டில் படுத்து மூன்று மாதம் சேர்த்த பணம்.

மர்ரே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். கேட்டதைக் குறைக்கத்தான் சண்டை போடுவாங்க. நீங்க என்ன ஆளுங்கப்பா? சரி, அம்மாவுக்குத்தான்.”

லோசா கண்ணை மூடிக் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். செமிசியின் தோள் தொங்கியது. அவருக்கும் ஐந்து பிள்ளைகள்.

“எப்போ வரலாம் ஐயா?”

“இன்னைக்கே ஆரம்பிச்சாலும் சரிதான். லாரி இருக்கா? கடப்பாரை?”

“லாரி மாமாகிட்ட வாங்கிக்குவோம். கடப்பாரை எதுக்கு?”

“பின்னே, பலகையை நகத்தாலயா பெயர்ப்பீங்க? விளம்பரத்துலயே போட்டிருந்தேனே. தரை, கதவு, ஜன்னல் எல்லா மரமும் இனி உங்களோடது. ஞாயித்துக்கிழமைக்குள்ள கழட்டி எடுத்துக்குங்க. திங்கக்கிழமை காலையில புல்டோசர் வந்து மிச்சத்தை இடிச்சுத் தள்ளிடும்.”

வரிசையில் நின்ற அத்தனை பேரும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்கள்.

“அந்தப் புல்டோசரை...” லோசா மெல்லக் கேட்டாள், “ஒரு வாரம் கழிச்சு வரச் சொல்ல முடியுமா ஐயா? அதுவரைக்கும் உள்ளே இருந்துக்கறோம்.”

மர்ரே வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து செமிசி கத்தினார்: “எழுநூத்து இருபது!”