பத்தில் எட்டு

"எந்த மருந்து பிள்ளை வெண்டது?"

ஆரணி தேநீரை இன்னும் வாயில் வைக்கவில்லை. அதற்குள் ஆழ்வாப்பிள்ளை கேட்டுவிட்டார். மகள் மெல்பேர்ணிலிருந்து கொக்குவில் வீட்டுக்கு வந்து சேர்ந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில், பிள்ளைகள் வெட்டிப் பார்க்கத் தவளையும் எலியும் எடுத்துக்கொடுத்து முப்பது வருடம் உதவியாளராக இருந்தவர் அவர். மகள் விஞ்ஞானியானதில் பாதிப் பெருமை தனக்கென்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர்.

இப்போது அவர் கழுத்தில் மூன்று கட்டிகள். புற்றுநோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிவிட்டது. கீமோவை உடனே தொடங்கச் சொன்ன டொக்டரிடம், "என்ரை மகளின்ரை மருந்து வரட்டும்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்திருக்கிறார் மனிதர். இரண்டு மாதமாயிற்று.

மகளின் மருந்து! கணுக்களில் புற்றுநோய் பரவிய இருபது எலிகள். பத்துக்கு ஒரு கதிரியக்க மருந்து, மற்றப் பத்துக்கு இன்னொன்று. போனில் அவள் அவருக்குச் சொன்னதும் அவ்வளவுதான். மனிதருக்கு வர இன்னும் பத்து வருடமாவது வேண்டும். அதை நேரில் சொல்லி, கீமோவுக்குக் கூட்டிப்போகத்தான் அவள் வந்தாள்.

"இரண்டாவது, அப்பா. பத்திலை எட்டுக்குக் கட்டி முழுக்கக் கரைஞ்சுபோச்சுது."

அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்ததும், மனிதருக்கு வரப் பத்து வருடமாகும் என்பதை அவள் சொல்லாமல் விட்டாள்.

"அந்த எட்டும் இப்ப எப்பிடி இருக்குதுகள்?"

"நல்லாய் இருக்குதுகள் அப்பா. ஓடித் திரியுதுகள்."

பச்சைப் பொய். கரைந்ததா இல்லையா என்று வெட்டிப் பார்த்தால்தானே தெரியும்? தொண்ணூறாம் நாள், சுகமானது சுகமாகாதது என்று பாராமல் மிஞ்சியிருந்த எல்லாவற்றையும் தன் கையாலேயே கொன்றவள் அவள்.

ஆழ்வாப்பிள்ளையின் பார்வை மகளின் கைகளுக்குப் போனது.

"முகத்தைக் கழுவிப்போட்டு வா பிள்ளை. பின்னேரப் பூசைக்குப் போவம். அதுகளுக்கு ஒரு அர்ச்சனை செய்யவேணும்."

வழியெல்லாம் ஆரணிக்கு ஒரே நினைப்புத்தான். இந்த மனிதரை நம்பவைத்தே சாகடிக்கப்போகிறேன்.

சிவன் கோயில் வாசலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிற கேதீஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன அர்ச்சனை, ஐயா?"

ஆழ்வாப்பிள்ளை மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மோட்ச அர்ச்சனை. இருபது சீவனுக்கு."