முதலில் நீண்ட கை

“பாவத்துல செத்துப்போனவன் எப்படி, மாப்பிள்ளை, கையை நீட்டுவான்?” என்று அண்ணன் மேசையைத் தட்டியதில் என் தம்ளர் கவிழ்ந்தது.

அண்ணன் சபையில் மூப்பர். யாரை ரட்சிப்பது என்று உலகம் உண்டாகும் முன்பே ஆண்டவர் முன்குறித்துவிட்டார், இதில் மனிதன் கிழிக்க ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி.

என் கணவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஆண்டவர் கையை நீட்டுவார், நாமும் நீட்டினால்தான் பிடி கிடைக்கும் என்பார்.

எட்டு வருடமாக இதே பாட்டு. எதில் தொடங்கினாலும் தண்ணீரில் மூழ்குகிறவனிடம் வந்து நிற்பார்கள். இத்தனைக்கும் இரண்டு பேருக்குமே நீச்சல் தெரியாது.

எனக்குத் தெரியும். பதினாறு வருடமாக நீச்சல் குளத்தில் லைஃப் கார்டு வேலை.

மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கூப்பிடுவதெல்லாம் சினிமாவில். நிஜத்தில் சத்தமே வராது. முன்னால் போனால் நம் கழுத்தைப் பிடித்து உள்ளே அமுக்கிவிடுவார்கள். அதனால் பின்பக்கமாகத்தான் போக வேண்டும்.

இதை என்னிடம் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்களா? ம்ஹூம்.

இன்றைக்குக் கேட்டார் அண்ணன்.

காரணம், வருகிற ஞாயிறு என் கணவர் சபையில் சாட்சி சொல்லப்போகிறார். குளத்தில் கால் வழுக்கி மூழ்கியது, ஒருத்தி தூக்கிக் கரைசேர்த்தது, அப்புறம் அவளையே கட்டிக்கொண்டது, எல்லாம் அதில் உண்டு. ‘நான் கையை நீட்டினேன், ஆண்டவர் பிடித்தார்’ என்று முடிக்கிறார். பிடித்தது நான், பெயர் ஆண்டவருக்கு. போகட்டும்.

அந்தக் கடைசி வரியை எடுக்கச் சொல்லி அண்ணன் ஒற்றைக்காலில் நிற்கிறார்.

“நீதானேம்மா தூக்கின? நீயே சொல்லு. மாப்பிள்ளை கையை நீட்டினாரா, இல்லையா?”

என் கணவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

கால் வழுக்கவில்லை. அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

தண்ணீருக்குள் போன பிறகு நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. கடைசி நொடியில் மனசு மாறிக் கையை நீட்டியிருப்பேன் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கையில்தான் காலையில் எழுகிறார், பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுகிறார், அண்ணனோடு மல்லுக்கட்டுகிறார். என்னிடம் இதுவரை கேட்டதில்லை. பயம்.

இப்போது நேராக என்னைப் பார்த்தார்.

“நீட்டினார்ணே. நல்லாவே நீட்டினார். இப்ப ரெண்டு பேரும் பேசாம சாப்பிடுங்க.”

அண்ணன் முகம் தொங்கிப்போனது. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காரம் என்றார். காரமாவது ஒன்றாவது.

நான் சொன்னது பொய்தான். அதை ஆண்டவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்றைக்கு அவர் தண்ணீருக்கு அடியில், ஏணியின் கடைசிப் படியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். மேலே வந்துவிடக் கூடாதென்று.

ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். ஒன்பது விரல்.

பத்தாவதைப் பிரிக்கப் போனேன். அது தானாகவே விட்டது.