சுவரில் காய்த்த பழங்கள்

ஜப்பானின் கிஃபு நகரத்தில், எங்கள் தெருவுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே, நவம்பர் வெயிலை மறித்துக்கொண்டு மாதிரிச் சுவர் ஒன்று நிற்கிறது. ரயில் சத்தத்தைத் தடுக்கத் தெரு நெடுகக் கட்டப்போகும் சுவரின் ஒரு துண்டு. ஊருக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அதில் இங்கே பெயர்போன பெர்சிமன் பழங்களை வரைந்திருக்கிறார்கள்; கிளைக்கு ஐந்து, எல்லாம் ஒரே அளவு, ஒரு காக்கைகூடக் கொத்தாத பழங்கள். சுவரின் நிழல் எங்கள் தெருவில் இருக்கும் மிட்சுயேயின் வீட்டு இறவாரம் வரை ஏறி, தோல் சீவிக் கயிற்றில் காயப்போட்ட நிஜப் பழங்களை மூடுகிறது. அவள் ஒன்றைத் தொட்டுப் பார்க்கிறாள். பிசுபிசுப்பு விரலில் ஒட்டுகிறது. “நிஷிகாகி சான், உங்க பழத்துக்கு வெயில் வேணாம். என் பழத்துக்கு வேணுமே!” சுவரை வடிவமைத்த நிஷிகாகி தொப்பியைக் கழற்றிக் குனிகிறார். “மன்னிக்கணும்மா. உயரத்தைக் குறைச்சா சத்தம் வீட்டுக்குள்ள வந்துடும்.” “குறைக்கச் சொல்லி யார் கேட்டா? மேல்பாதியைக் கண்ணாடியில போடுங்க.” “படத்துக்கு மேலிடத்துல ஒப்புதல் வாங்கியாச்சேம்மா...” “மேலிடமா இங்க பழம் காயப்போடுது? உங்க கையில இருக்கற சாக்பீஸைக் குடுங்க, எங்கேர்ந்து கண்ணாடின்னு நானே காட்டறேன்.” அவள் அதை வாங்கிச் சுவரில் வைக்கும்போது ரயில் வருகிறது. நிஷிகாகியோடு சுவரைப் பார்க்க வந்த அதிகாரிகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். இறவாரத்துப் பழங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன. மிட்சுயே நிறுத்தவில்லை. வரைந்த பழங்களுக்குக் குறுக்கே, தன் நெஞ்சுயரத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கோடு இழுக்கிறாள். சத்தம் அடங்கியதும் நிஷிகாகி கோட்டுக்குக் கிட்டப் போய்ப் பார்க்கிறார். ஓரிடத்தில்கூட அது நடுங்கவில்லை.