பாதம் கழுவும் பாடம்

பாருங்கள் கண்ணுகளா, லாபு தோட்டத்து வீட்டின் பின்வாசலில் செம்பனை ஓலைகள் வழியே மாலை வெயில் கீற்றுக் கீற்றாய் விழுகிறது. தர்ஷிணி நீல பேசினில் வெந்நீர் ஊற்றுகிறாள். சிரம்பானில் அவள் படிக்கும் கிறிஸ்துவப் பள்ளியில் முதலாம் படிவ வகுப்புக்கு இந்த வாரப் பாடம் இதுதான்: இயேசு சீடர்களுக்குச் செய்ததைப் போல, வீட்டில் தன்னைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரின் பாதத்தைக் கழுவி, போட்டோ எடுத்து டீச்சருக்கு அனுப்ப வேண்டும். செனாவாங் ஃபேக்டரியிலிருந்து வந்து இப்போதுதான் மோட்டார் சைக்கிளை நிறுத்திய அம்மா புஷ்பவள்ளி, ஆசையாய் ஒரு காலுறையைக் கழற்றுகிறாள். மகளோ உள்ளே பார்த்து, "சித்தி, வந்து உட்காருங்க" என்கிறாள். தினமும் அவளுக்குத் தலை பின்னி, சோறு கட்டி, பள்ளி வேனில் ஏற்றிவிடும், அம்மாவின் தங்கை கனகேஸ்வரி கூச்சத்தோடு நாற்காலியில் அமர்கிறாள். "ஐயோ, எனக்கா? அம்மாவுக்குச் செய்லா." "ஒருத்தவங்களுக்குத்தான் சித்தி. அம்மா, நீங்க போட்டோ எடுங்க." புஷ்பவள்ளி காலுறையை மறுபடி மாட்டிக்கொண்டு கைப்பேசியை வாங்குகிறாள். தண்ணீர் சலசலக்கிறது. மகளின் விரல்கள் தங்கையின் வெடித்த குதிகாலை மெல்லத் தேய்க்கின்றன. "கூசுதுடி!" என்று தங்கை சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, நன்றாகக் குனிந்து, புஷ்பவள்ளி ஒரே ஒரு படம் எடுக்கிறாள். தர்ஷிணி எட்டிப் பார்க்கிறாள். "என்னம்மா, சித்தி முகமே விழல?" "பாடம் பாதத்துக்குத்தானே, முகம் என்னத்துக்கு? அனுப்பு." படத்தில் மகளின் குனிந்த தலை, நீல பேசின், தண்ணீருக்குள் இரண்டு பாதங்கள். பார்க்கிற டீச்சர் அம்மாவின் பாதம் என்றுதான் நினைப்பார்.