இரண்டிலும் நாலிலும்

"இது என்ன சார், பாட்டா, அணிவகுப்பா? லெஃப்ட் ரைட் லெஃப்ட் ரைட்னு போறீங்க."

மாஸ்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். மீசைக்காரர் கிட்டார் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிவிட்டு, வீட்டுப்பாடம் எழுதாமல் மாட்டிக்கொண்டவர்போல விழித்தார். இத்தனைக்கும் மாஸ்டருக்கு முப்பதுக்கு மேல் ஒன்றிரண்டு வயதுதான் இருக்கும். மீசைக்காரருக்கு அடுத்த வருஷம் ஓய்வு.

"முப்பது வருஷப் பழக்கம் மாஸ்டர். கை தானாவே ஒண்ணுலயும் மூணுலயும்தான் விழுது."

"அதை மறந்துடுங்க. மனசுக்குள்ள நாலு எண்ணுங்க. ரெண்டுலயும் நாலுலயும் மட்டும்தான் தட்டு. கட்டை விரல் தடிச்ச கம்பியில டும். மணிக்கட்டு பெட்டி மேல டக். மத்த விரல்கள் பாடணும். ஒரே ஆளு மூணு பேர் வேலையைப் பார்க்கறீங்க, அவ்வளவுதான்."

"மூணு பேர் வேலையை ஒருத்தன் பார்க்கறது எனக்குப் புதுசா மாஸ்டர்? தினமும் அதானே நடக்குது."

"வாய் தாளம் தப்பறதே இல்லை. கையில காட்டுங்க."

நாலு மாதமாக இதே கூத்துதான். மதியச் சாப்பாட்டு நேரம் வந்தால் போதும், மீசைக்காரர் டிபன் டப்பாவைத் திறக்காமல் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு இந்தச் சின்ன அறைக்கு வந்துவிடுவார். மாஸ்டரிடம் சொந்தமாகக் கிட்டார் கிடையாது. மாஸ்டர் சிமெண்டு மேடையில் உட்கார, மீசைக்காரர் கீழே தரையில் சம்மணம் போடுவார். முதல் இரண்டு மாதம் கம்பியைத் தொடவே விடவில்லை. வெறும் பலகையில் தட்டு, தட்டு என்று உயிரை எடுத்துவிட்டார். இப்போது விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, சாப்பிடும்போது காரம் பட்டால் சுரீர் என்கிறது. கூட வேலை பார்ப்பவர்கள் "கச்சேரி எப்போ?" என்று கிண்டல் செய்கிறார்கள். மனிதர் அசைந்து கொடுக்கவில்லை.

காரணம் அவர் மகள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் தடவையாகத் தனியாகப் பாடப் போகிறாள். அந்தச் சர்ச்சின் பாடகர் குழுத் தலைவர்தான் இருபது வருஷத்துக்கு முன்னால், "உங்க கைக்கும் தாளத்துக்கும் ஏழாம் பொருத்தம்" என்று சொல்லி மீசைக்காரரை வெளியே அனுப்பியவர். மகள் அவரிடமே போய், "எங்கப்பா வாசிச்சாத்தான் நான் பாடுவேன்" என்று நின்றுவிட்டாள். "ஒரு இடத்துல பிசகினாலும் கீபோர்டுக்காரர் எடுத்துக்குவார், சம்மதமா?" என்றார் அவர். சம்மதம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்பா தடுமாறினால் அத்தனை பேர் நடுவில் அவளுக்குத்தான் மூக்குடையும்.

மறுபடி வாசித்தார். மறுபடி அணிவகுப்பு.

"மூணே நாள்தான் இருக்கு மாஸ்டர்." மீசைக்காரரின் குரல் இறங்கியது. "பேசாம கீபோர்டுக்காரரையே வாசிக்கச் சொல்லிடட்டுமா?"

"தாராளமா. போறப்போ கிட்டாரை யாருக்காவது குடுத்துட்டுப் போங்க."

மீசைக்காரருக்குச் சுருக்கென்றது. கிட்டாரை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"இல்லை. இன்னொரு தடவை."

ஒரு தடவை ஒன்பது தடவையானது. மாஸ்டர் மேடையிலிருந்து இறங்கி அவர் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"சார், இது காத்துக்கிட்டு இருக்கறவங்க பாட்டு. வர வேண்டியது வரும், ஆனா எப்போன்னு தெரியாது. அந்த ஒண்ணாம் எண்ணிக்கை இருக்கே, அதுல மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். ரெண்டு வந்ததும் விடணும். நீங்க முன்னாடியே போய் நிக்கறீங்க. காத்திருங்க. வலிக்கும். அந்த வலிதான் பாட்டு."

"உங்களுக்கு எப்படி மாஸ்டர் இவ்வளவு பொறுமை?"

"பழகிப்போச்சு."

மீசைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மகளின் முகம் வந்தது. ஒன்று. கட்டை விரல் டும் என்றது. பெட்டியில் தட்டத் துடித்த கையைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்து வைத்தார். இரண்டு. டக். அதன் மேல் மெல்ல, கொஞ்சம் பின்தங்கியே, பாட்டு ஏறி வந்தது. இடது கை ஒரு கம்பியை வளைத்தபோது அது மனிதக் குரல்போலவே கேவியது. கடைசி வரை ஒரு அடிகூடப் பிசகவில்லை.

கண்ணைத் திறந்தபோது மாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வந்துடுச்சு சார். இனிமே கை மறக்காது."

மீசைக்காரர் சந்தோஷத்தில் என்ன பேசுகிறோம் என்றே யோசிக்காமல், "ஞாயித்துக்கிழமை நீங்க முன்வரிசையில உக்காந்திருக்கணும் மாஸ்டர். உங்களைப் பார்த்துக்கிட்டே வாசிச்சுடுவேன்" என்றார்.

மாஸ்டர் சிரித்தார். "எனக்கும் ஆசைதான். நான் இல்லாம வாசிக்கவும் பழகிக்கங்க."

சொன்ன பிறகுதான் மீசைக்காரருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். கிட்டாரை உறையில் போட்டு, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"மன்னிச்சுக்கங்க மாஸ்டர்" என்று தினமும் சொல்வதைச் சொல்லி, இரும்புக் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, வெளிப்புறம் பூட்டிச் சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

"அது உங்க டியூட்டி சார்" என்றார் கம்பிகளுக்கு உள்ளேயிருந்து மாஸ்டர். "திங்கக்கிழமை வந்து எப்படிப் போச்சுன்னு சொல்லுங்க, இன்னும் ஆறு வருஷத்துக்கு நான் எங்கயும் போயிடமாட்டேன்."