நிற்காத பெயர்

படிப்பை விட்டுப் பன்னிரண்டு வருஷம் கழித்துக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்த மெஹருன்னிசாவுக்கு அன்று தேர்வு. தேறினால்தான் வேலைப் பயிற்சி. அவள் பெயரைப் பத்து முறை எழுதும் ஃபார் லூப்பை, அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளையை, வைல் லூப் என்ற இன்னொரு வகையாக மாற்ற வேண்டும். மாற்றினாள்; பத்தானதும் நிற்பதற்காக எண்ணிக்கையைக் கூட்டும் வரியை மட்டும் விட்டுவிட்டாள். ஓடவிட்டதும் திரை முழுக்க அவள் பெயர் நிற்காமல் கொட்டியது.

"அக்கா, நிறுத்துங்க! ஹேங் ஆயிடும்!" பக்கத்து இருக்கை தேன்மொழி பதறினாள்.

மெஹருன்னிசாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தெருவில் எல்லாருக்கும் அவள், மகன் பெயரால், யாசீன் உம்மாதான். பெயர் சொல்லி யார் கூப்பிட்டார்கள்? விட்டுப்போன வரி எதுவென்று அதற்குள் பிடிபட்டிருந்தது.

"சரிபண்ணத் தெரியும்டி," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் கொஞ்சம் ஓடட்டும்."